அப்பீல்

சட்டக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அப்பீல் வந்துட்டா, இடம் விடுங்கடா" என்பார்கள். எதற்காக இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று விரிவுரையாளர் முதல் நாள் கேட்டபோது, "எங்க அண்ணன் ஜெயில்ல இருக்கான் சார், அப்பீல் நடத்தணும்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

அண்ணன் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியவன். ஒரு சாயங்காலம் அங்கே செம்புக் கம்பி திருட்டுப் போனது. தடுக்கப் போன காவல்காரர் மண்டை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போவதற்கு முன் மனைவியின் காதில் அண்ணனின் பெயரைச் சொன்னார். அந்த வாய்ச்சொல்லை வைத்துத்தான் ஆயுள் தண்டனை. "நான் இல்லம்மா" என்று கோர்ட்டு வாசலில் அவன் கதறியதை ஊரே பார்த்தது. இலவச வக்கீல் ஒப்புக்குப் போட்ட அப்பீல் கிடப்பில் கிடந்தது. அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் நீராவியோடு நீராவியாக வெந்து மகளைப் படிக்க வைத்தாள். சின்னவள் வக்கீலானால் பெரியவன் வெளியே வந்துவிடுவான். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

கடைசி வருடம் தொடங்கியிருந்த சமயம். மனுப் போட்டு அண்ணனைப் பார்க்கப் போனவள், கம்பிவலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினாள்.

"அண்ணா, கேசுல ஓட்டை கிடைச்சிருச்சு! அந்த ஆள் சுயநினைவோடதான் பேசினாருன்னு டாக்டர் எழுதவே இல்ல. இது ஒண்ணு போதும்."

அவன் குனிந்தபடி ஏதோ முணுமுணுத்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன? காதுல விழல."

"நான்தான் அடிச்சேன்னு சொன்னேன்."

பக்கத்தில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அடிக்கணும்னு போகல. அவரு என்னைப் பாத்து, 'ஏன்டா தம்பி, நீயா'ன்னாரு. அடையாளம் தெரிஞ்சுபோச்சேன்னு கையில இருந்த இரும்புக் கம்பியால..."

"இத ஏன் இப்ப சொல்றே?"

"நீ வாயெல்லாம் பல்லா வந்து நிக்கிறே. பாக்க முடியல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, தாங்காது."

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போனாள், வந்தாள். பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டாள். காரணத்தையும் மறைக்கவில்லை. அவர் நல்ல மனிதர். "குத்தம் செஞ்சவனுக்கும் வக்கீல் வேணும்மா. பரீட்சையில நீயே அத எவ்வளவு அழகா எழுதியிருந்தே! கரைக்குப் பக்கத்துல வந்து நிக்கிறே, முடிச்சிடு" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாக அந்தக் காவல்காரரின் மனைவிதான் வந்து நின்றாள்.

முதல் வருடத்திலேயே அந்த அம்மாவைத் தேடிப் போனவள் அவள். "மண்டையில அடிபட்டவருக்கு என்ன நினைவு இருந்திருக்கும்? ஒரு பாவமும் அறியாதவன் உங்க வாயால உள்ள கிடக்கிறான்" என்று நடு வீட்டில் நின்று மடக்கி மடக்கிக் கேட்டாள். அந்த அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியே சத்தமில்லாமல் அழுதாள். முதல் குறுக்கு விசாரணையில் ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தாள் இவள்.

இப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று கிளம்பினாள். பஸ்ஸில் வழிநெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். கதவு பாதிதான் திறந்தது.

"வக்கீலாயிட்டியா?" என்றாள் அந்த அம்மா.

கோத்து வைத்ததெல்லாம் சிதறிப் போயிற்று.

"இல்லம்மா. படிப்ப விட்டுட்டேன்."

அதைச் சொல்வதற்காக அவள் வரவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான், முடிவாகிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

"அப்ப கேசு கீசுன்னு யாரும் வரமாட்டீங்கல்ல?"

"நான் வரமாட்டேன். அவன்தான்மா செஞ்சான். என்கிட்ட சொல்லிட்டான்."

அந்த அம்மா நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு நீ பேசிட்டுப் போனப்புறம், அவரு சொன்னது என் காதுல சரியா விழுந்துச்சான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சாகப் போற மனுசன் சொன்னத நம்பாம இத்தன வருசம் கிடந்தேன்."

கதவு சாத்திக்கொண்டது. மன்னிப்புக் கேட்க இவளுக்கு வாய் வரவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இனிமே காலேஜுக்குப் போகலம்மா" என்றாள்.

"ஏன்? எவனாவது ஏதாவது சொன்னானா?"

"அதெல்லாம் இல்ல. பிடிக்கல."

"பிடிக்கலையா? செருப்புக் கடையாடி அது, பிடிச்சா எடுக்கவும் பிடிக்கலன்னா வைக்கவும்?"

உண்மை தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அம்மா அதற்குமேல் கத்தவில்லை, அடிக்கவில்லை. "கூடப் பொறந்தவன நட்டாத்துல விட்டுட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை அம்மா தனியாகவே ஜெயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு மகளிடம் வாய் திறந்தாள்.

"எனக்கு வயிறு எரியுது. அவன் உன்ன ஒரு வார்த்தை திட்டலடி. 'விடும்மா, அவள ஒண்ணும் சொல்லாதே'ங்கிறான். உள்ள கிடந்து சாகுறவனுக்கு இருக்கிற மனசு உனக்கு இல்லையே. தங்கம்டி அவன்."

மகள் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

"நாளையிலேருந்து ரெண்டு ஷிப்டு பாக்கப் போறேன். நல்ல வக்கீலா நானே வைக்கிறேன். அந்தப் பொம்பள மறுபடி கூண்டுல ஏறி எப்படிப் பொய் சொல்றான்னு பாத்துடறேன்."

"சாப்பிடும்மா" என்றாள் மகள்.