கூட வருபவர்

"உங்களோடு வந்திருப்பது யார்?"

வரவேற்பு மேசைப் பெண் மூன்றாவது முறையாகக் கேட்டாள். வழியில் இருக்கிறார் என்று நானும் மூன்றாவது முறையாகப் புளுகினேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள் மட்டும் காலி: கூட வருபவர் பெயர், உறவு. மயக்க ஊசி போட்டவர்களைத் தனியாக வீட்டுக்கு விடமாட்டார்களாம். ஒன்பது மணிக்குள் ஆள் வராவிட்டால் என் இடம் அடுத்தவருக்கு. பித்தப்பைக் கல்லோடு ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. இன்னொரு ஏழு மாதம் அந்த வலியோடு என்னால் சத்தியமாக முடியாது.

மணி எட்டே கால். எதிரே ஒரு கிழவருக்கு அவர் மனைவி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எரிச்சலாக வந்தது.

எனக்கு மட்டும் ஆள் பஞ்சமா? எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்து மூன்று பேர். ஒருவர் வீட்டில் கூடுவதற்கு மூன்று வாரம் முன்பே ஓட்டெடுப்பு நடத்தித் தேதி குறிப்போம். கூடினால் ஒரே கும்மாளம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் அழைக்காமல் என் கதவை யாரும் தட்டியதில்லை. நானும் தட்டியதில்லை.

ஊரில் என் தோழி வாலு அப்படியில்லை. எனக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். "வா" என்று நான் கூப்பிட்டிருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள். அந்தப் பழக்கத்தில்தான் இங்கே கோட்டை விட்டேன். "வியாழக்கிழமை எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன்" என்று குழுவில் போட்டேன். முப்பத்தொரு கும்பிடு வந்தது, எட்டு இதயம். யாராவது "நான் வரேன்" என்பார்கள் என்று நேற்றுவரை பார்த்தேன். நானாகக் கேட்க வாய் வரவில்லை. திமிர், வேறென்ன.

இப்போது திமிரெல்லாம் வடிந்து குழுவில் ஒவ்வொருவராக அழைத்தேன். பேங்க்காரர் எடுக்கவில்லை. டான்ஸ் டீச்சர் எடுத்தார்.

"அச்சச்சோ, யாரும் வரலையா? யாராவது வருவாங்கன்னுல்ல நினைச்சேன்! எனக்கு கிளாஸ் இருக்கே."

புத்தி கெட்டுப்போய் வாலுவையே அழைத்தேன். "இரு, இதோ வரேன்" என்றாள், பழக்க தோஷத்தில். பதினோரு மணி நேர விமானம். நானே போனை வைத்தேன்.

எட்டு நாற்பது. யாரையாவது விட்டுவிட்டேனா என்று குழுவின் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனேன். மார்ச் மாதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. "நாளைக்கு எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன்." ஆயத்த ஆடை ஆலையில் தைக்கிற அக்கா போட்டது. கீழே வரிசையாகக் கும்பிடுகள். அதில் ஒன்று என்னுடையது.

வெட்கத்தை விட்டு அழைத்தேன்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருக்கேன். கூட ஆள் இல்லாம செய்ய மாட்டாங்களாம். நீங்க வர முடியுமா?"

"ஐயோ, வேலைக்கு வந்துட்டேனேம்மா. சூப்பர்வைசர் பின்னாடியே நிக்கிறாரு."

"அக்கா, அன்னைக்கு உங்க கூட யார் வந்தா?"

அக்கா தையல் மெஷினை நிறுத்தினார்.

"யார் வந்தா? டாக்சிக்காரரைத் தம்பின்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டாரு. சாயங்காலம் வந்து, கையைப் பிடிச்சு மாடி ஏத்தி விட்டாரு. நல்ல மனுஷன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் நம்பர் இருக்கு. அனுப்பட்டுமா?"

"அனுப்புங்கக்கா" என்றேன்.

'உறவு' என்ற கட்டத்தில் தம்பி என்று எழுதிவிட்டு, என் தம்பியின் நம்பர் வருகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.