விடுபட்ட இரண்டு சொற்கள்

வெள்ளிக்கிழமைகளில் உதயகலா மத்தியானச் சாப்பாட்டை நேரத்தோடேயே சமைத்து இறக்கிவிடுவாள். அரசாங்கம் தன் சட்ட அறிவித்தல்களை அச்சிடுகிற வர்த்தமானி இதழ் கொழும்பில் வெளியாகிற நாள் அது. பிறகு கைபேசியையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தாளென்றால், ஆடு உள்ளே புகுந்து சோற்றுப் பானையில் வாயை வைத்தாலும் அவளுக்குத் தெரியாது.

அரசாங்கம் கொண்டுவரப்போகிற சட்டங்களில் பெண்களையும் பிள்ளைகளையும் தொடுகிறவை எவையென்று தேடுவாள். அகப்பட்டால் அதன் பெயர், வந்த திகதி, பாராளுமன்றத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது என்று கொப்பியில் குறித்துக்கொள்வாள். மாதத்தின் முதல் ஞாயிறு மாதர் சங்கம் கூடும்போது அதை வாசித்துக் காட்டுவாள்.

இந்த வேலை அவள் தலையில் ஏறியது மூன்று வருடங்களுக்கு முன்னர். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பதிவு செய்ய ஆறு மாதத் தவணை. வல்வெட்டித்துறை மாதர் சங்கத்துக்குச் செய்தி வந்து சேர்ந்ததோ ஏழாம் மாதம். சங்கத் தலைவி மகாதேவி அன்றைக்குக் கூட்டத்தில் பொரிந்து தள்ளினாள்.

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! ஆர் வந்து சொல்லுறது?”

“ஒருத்தரும் வந்து சொல்லாயினம் மச்சாள்,” என்றாள் பின்வரிசையில் இருந்த உதயகலா. “நாங்கள்தான் பாத்துக்கொண்டிருக்கோணும். நான் பாக்கிறன்.”

மகாதேவி, உதயகலாவின் கணவன் ஜெயரூபனின் தமக்கை. தம்பியின் மனைவி சொன்னதை அவள் அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை. ஜெயரூபனும் எடுக்கவில்லை. கரையில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது, “என்னடாப்பா, உன்ரை மனிசி பாராளுமன்றம் போகப் போறாவாமே?” என்று யாராவது கேட்டால் அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்த பிறகு மனதுக்குள் ஏதோ நெருடும். அதை அவன் கிண்டிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் மாசி பிறந்த கையோடு, கொப்பியில் ஒரு புதுப் பெயர் ஏறியது: கடற்றொழில் குடும்பங்கள் பாதுகாப்புச் சட்டமூலம். கடலுக்குப் போன மனிதன் திரும்பாவிட்டால், அவனுடைய படகு அனுமதியும் கடற்றொழிலாளர் சங்க உறுப்புரிமையும் மூன்று மாதத்துக்குள் மனைவியின் பெயருக்கு மாறவேண்டும், பிள்ளைகளின் படிப்பை அரசாங்கம் பார்க்கவேண்டும் என்று அதன் முதற்பக்கச் சுருக்கம் சொன்னது. உதயகலா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிறு வரை பொறுக்கவில்லை. நேரே பக்கத்து வளவு இராசமலரைக் கூப்பிட்டு இருத்தினாள்.

இராசமலரின் புருசன் இரண்டு வருடங்களுக்கு முன்னர் கடலுக்குப் போனவர். மூன்றாம் நாள் படகு கவிழ்ந்தபடி மிதந்து வந்தது. ஆள் வரவில்லை. படகைக் கரையில் ஏற்றிக் கிடுகால் மூடி வைத்திருக்கிறாள். மூத்த மகன் தொழிலுக்குப் போக ஆயத்தமாக நிற்கிறான், ஆனால் அனுமதியை மாற்ற எந்தக் கந்தோருக்குப் போனாலும் மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள். அவளோ தாலியையும் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை.

உதயகலா தமிழ்ப் பிரதியை வாசித்துக்கொண்டு போனாள். ஐந்தாம் பிரிவுக்கு வந்ததும் குரல் இறங்கியது. “கடலில் தொழில் புரிகையில் மரணமடைந்த ஆளொருவரின் வாழ்க்கைத்துணை...”

“மரணமடைந்த,” என்றாள் இராசமலர்.

“ஓம் அக்கா.”

“அப்ப உதுவும் செத்தவையளுக்குத்தான்.” அவள் எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டாள். “நான் கண்ணாலை காணேல்லை, கலா. காணாமல் எப்பிடி அவர் செத்திட்டார் எண்டு எழுதிக் குடுக்கிறது? எழுதிக் குடுத்தால் நானே அவரைக் கொன்ற மாதிரியெல்லோ.”

படலை சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஜெயரூபன் வேப்பமரத்தடியில் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்டபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, உதயகலா கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்திருந்தாள். விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அது தமிழ் வாசிக்கிற அசைவல்ல என்று அவனுக்கு விளங்கியது. கலியாணம் கட்டிப் பதினொரு வருடத்தில் அவள் சிங்களம் வாசிப்பதை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

பளையில் பிறந்த உதயகலா, சண்டை முடிந்த அடுத்த வருடம், பத்தொன்பது வயதில், கட்டுநாயக்காவில், ‘காமென்ற்’ என்று சனம் சொல்கிற ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். நாலு வருடம் அங்கே சேட்டுக்குக் கொலர் தைத்தாள். தங்கியிருந்த போடிங் வீட்டில் அவளோடு ஒரே அறையில் இருந்தது தங்காலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பழைய பேப்பரை விரித்து எழுத்துக் காட்டிக் கொடுத்தாள், இவள் தமிழ் காட்டிக் கொடுத்தாள். கலியாணம் பேசி வந்தபோது மகாதேவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் காமென்ற்றிலை நிண்டது எண்டு ஊரிலை வெளிக்கிடக்கூடாது. சனம் வாய்க்கு வந்தபடி கதைக்கும். கொழும்பிலை சித்தி வீட்டிலை நிண்டு படிச்சதெண்டு சொல்லுவம்.” ஜெயரூபன் அப்போது தலையை ஆட்டியவன்தான். உதயகலாவும் அன்றோடு அந்த நாலு வருடத்தையும், அதோடு வந்த பாஷையையும் வாய்க்குள் போட்டு விழுங்கிவிட்டாள்.

“இஞ்சருங்கோ!” அவள் குரல் பதறியது. “இஞ்சை ஓடியாங்கோ!”

அவன் எண்ணெய்க் கையோடு வந்தான்.

“சிங்களத்திலை இன்னும் இருக்கு. இதைப் பாருங்கோ. ‘ஹோ அத்துருதகன் வூ’ எண்டு கிடக்கு. அல்லது காணாமற்போன. மரணமடைந்த அல்லது காணாமற்போன. தமிழிலை அந்த ரெண்டு சொல்லும் இல்லை, விட்டிட்டினம்!”

“எனக்குத் தெரிஞ்ச சிங்களம் நேவிக்காரனோடை கதைக்கிற நாலு சொல்லுத்தான். நீ சரியாப் பாத்தனியோ?”

“அந்தச் சொல்லை நான் மறக்கேலாது. என்னோடை இருந்த பிள்ளையின்ரை தமையன் கடலுக்குப் போய் வரேல்லை. அவரைத் தேடச் சொல்லி அவளோடை இருந்து எத்தினை கடிதம் எழுதியிருப்பம்.”

ஜெயரூபன் யோசித்தான். “சட்டமெண்டால் சிங்களத்திலை உள்ளதுதானே கடைசியிலை செல்லும்?”

“வழக்கெண்டு கோட்டுக்குப் போனால் செல்லும். ஆனால் எங்கடை ஊர் விதானையாரும் கந்தோரிலை இருக்கிறவையும் தமிழைத்தானே விரிச்சுப் பாப்பினம்? மரணச் சான்றிதழ் எங்கையெண்டுதானே கேப்பினம்? இராசமலர் அக்கா கோட்டுக்குப் போவாவோ?” கொப்பியைப் புரட்டினாள். “வாற புதன்கிழமை கொழும்பிலையிருந்து ஆக்கள் வருகினம், பருத்தித்துறையிலை கருத்துக் கேக்க. அண்டைக்குச் சொல்லாட்டில் பிறகு இல்லை.”

“சொல்லுவம். ஆரும் தெரிஞ்ச ஆளிட்டை எழுதிக் குடுத்துச் சொல்லுவிப்பம்.”

உதயகலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னேரம் முழுக்க ஜெயரூபன் எந்த வேலையைத் தொட்டாலும் அந்த ‘ஓம்’ காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இராசமலரின் புருசன் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒரே நாளில் கடலில் கால் வைத்தவர்கள் அவர்கள். அந்த மனிதனுக்காக இரண்டு சொல் சொல்லத் தன் மனைவிக்குத் தெரிந்திருக்க, தான் அவளின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தபோது அவனுக்குத் தன்னிலேயே வெறுப்பு வந்தது.

புதன்கிழமை அவன் தொழிலுக்குப் போகவில்லை. காலையில் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தான். “ஏறு. நீயே சொல்லு,” என்றான். “எங்கை படிச்சதெண்டு ஆரும் கேட்டால் பாப்பம்.”

பருத்தித்துறை மண்டபத்தில் கதிரைகள் போதவில்லை. மேசைக்கு நடுவில் கொழும்பிலிருந்து வந்த உயரதிகாரி அம்மா ஒருவர், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு இளம் அலுவலர். மகாதேவி, சங்கத்துப் பெண்களோடு இரண்டாம் வரிசையில் இருந்தாள். இராசமலரும் அங்கேதான். ஜெயரூபன் பின்சுவரில் சாய்ந்து நின்றான். முதலில் ஆண்கள் எழும்பினார்கள். இழுவைப்படகைப் பற்றி ஒருவர் கால் மணித்தியாலம் பேசினார். மண்ணெண்ணெயைப் பற்றி இன்னொருவர். பிறகுதான் மைக் உதயகலாவிடம் போனது.

“ஐந்தாம் பிரிவிலை தமிழும் சிங்களமும் ஒத்துவரேல்லை, ஐயா. சிங்களத்திலை இருக்கிற ரெண்டு சொல் தமிழிலை இல்லை.”

இளம் அலுவலர் சிரித்தார். “தமிழ்ப் பிரதி சரிபாத்துத்தான் வந்தது, தங்கச்சி. உதை உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் வாசிச்சனான்.”

மண்டபத்தில் ஒரு சிரிப்பலை எழுந்தது. ஜெயரூபனுக்குக் காது சுட்டது. உதயகலா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து நின்றாள். பிறகு கைபேசியைப் பார்த்து, ஐந்தாம் பிரிவைச் சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு சொல் தடக்கியது. மூன்றாவதில் நா பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு தெளிந்த ஓட்டம். ‘அத்துருதகன்’ என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, அதை இன்னொரு தரம் சொன்னாள்.

கொழும்பு அம்மா கண்ணாடியைச் சரிசெய்து தன் முன்னால் கிடந்த பிரதியில் விரலை ஓட்டினார். தமிழ்ப் பிரதியை இளம் அலுவலரிடம் தள்ளினார். அவர் வாசித்தார், திரும்ப வாசித்தார், பேனையை எடுத்தார். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணவில்லை.

அந்த அம்மா நேரே உதயகலாவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அலுவலர் தமிழில் சொன்னார்: “நீங்கள் இவ்வளவு நல்லாச் சிங்களம் எங்கை படிச்சனீங்கள் எண்டு மேடம் கேக்கிறா.”

உதயகலா திரும்பி, பின்சுவர்ப் பக்கம் கணவனைத் தேடினாள். இரண்டாம் வரிசையில் மகாதேவியின் கழுத்து மரம்போல விறைத்து நின்றதை ஜெயரூபன் கண்டான். இருநூறு பேர். அதில் பாதி அவனுடைய ஊர்.

“சொல்லு கலா!” என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. “சொல்லு! அதுக்கென்ன!”

அவள் மைக்கை நேராகப் பிடித்தாள். “கட்டுநாயக்காவிலை. நாலு வருசம் காமென்ற்றிலை வேலை செய்தனான். அங்கை படிச்சனான்.” பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னாள்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கொழும்பு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் சிங்களத்தில் கதைத்தார்கள். ஜெயரூபனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய உத்தியோகத்தர் கேட்பதும், தன் மனைவி நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்வதும், அவர் தலையாட்டி எழுதிக்கொள்வதும் விளங்கியது. நெஞ்சுக்குள் என்னவோ பொங்கி வந்தது. முதன்முதலாகப் படகு வாங்கிய அன்றுகூட அவனுக்கு அப்படி இருந்ததில்லை.

அப்போது இராசமலர் கேளாமலே எழும்பினாள். “என்ரை மனிசன் செத்தவர் எண்டு நான் எழுதிக் குடுக்கமாட்டன். அந்தச் சொல்லைத் தமிழிலையும் போடுங்கோ. அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். அலுவலர் அதை மொழிபெயர்க்கத் தொடங்க, அந்த அம்மா கையை உயர்த்தி, “விளங்குது” என்று தமிழிலேயே சொன்னார். பிறகு, இதை எழுத்திலும் தரும்படி அலுவலர் மூலம் கேட்டுக்கொண்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மகாதேவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பதினொரு வருசம் மூடி வைச்சதை மைக்கிலை போட்டு உடைச்சிட்டியளே!”

“நாங்கள் மூடி வைச்சதுதான் பிழை, அக்கா.”

அவள் பதில் சொல்லுமுன் சங்கத்து இளம்பெண் நிவேதனா உதயகலாவின் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. “அக்கா, நானும் ரெண்டு வருசம் காமென்ற்றிலை நிண்டனான். மாமி ஆக்களுக்குத் தெரியாது. எனக்கும் கொஞ்சம் வாசிக்க வரும். உங்களோடை சேந்து நானும் பாக்கட்டோ?”

மகாதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஓட்டோவில் ஏறும்போது, “எழுத்திலையும் குடுக்கோணுமெண்டு அந்த அம்மா சொன்னவ எல்லோ,” என்றாள். “இண்டைக்கே எழுதிக் கொண்டாங்கோ மச்சாள். தலைவி எண்டு நான் கையெழுத்து வைக்கிறன்.”

கடிதம் மறுநாளே போனது. பிறகு நாலரை மாதம். முதலாம் வாசிப்பு, குழு, ஒத்திவைப்பு, திரும்பக் குழு. உதயகலாவும் நிவேதனாவும் ஒவ்வொரு கட்டத்தையும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இரண்டு தடவை ஞாபகக் கடிதம் அனுப்பினார்கள். ஆடி மாதம் சட்டம் நிறைவேறி வந்தபோது, தமிழ்ப் பிரதியின் ஐந்தாம் பிரிவில் ‘மரணமடைந்த அல்லது காணாமற்போன’ என்று அச்சில் நின்றது. இராசமலர் அந்த வரியை உதயகலாவிடம் நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். புரட்டாதியில், மூன்று மாதத் தவணைக்குள்ளேயே, படகு அனுமதி அவள் பெயருக்கு மாறியது. ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை. மகன் படகைத் தள்ளி இறக்கிய அன்று, அவள் நெற்றியில் பொட்டோடுதான் கரையில் நின்றாள்.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை, ஜெயரூபன் மீனைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வான் வந்து நின்றது. மயிலிட்டிப் பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் இறங்கினார்கள். கையில் ஏதோ அச்சடித்த தாள்கள்.

“அண்ணை, சட்டம் பாக்கிற அக்கான்ரை வீடு எது?”

ஏலம் கூறுகிறவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாரைமீன் பாதி வலையிலேயே கிடந்தது. ஜெயரூபன் கையைக் கடலில் அலம்பி, சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்,” என்றான். “அவ என்ரை மனிசி.”