ஒற்றை மெத்தைக்கு ஒரு மாதச் சம்பளம்

“கை எப்படி இருக்கு?”

“தோளோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அது போதாதா?”

“கிண்டல் வருதுன்னா தேவலை. இல்ல, தூக்கத்துல நான் புரண்டு உன் தோள்ல இடிச்சிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. தையல் ஆறுற வரைக்கும் ஹால்ல படுத்துக்கறேன்.”

“சோபாவிலயா? உங்க உயரத்துக்குக் காலை நீட்ட முடியுமா?”

“மடக்கிக்கிட்டாப் போச்சு.”

“உங்க இஷ்டம்.”

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குத் தோளில் ஆபரேஷன் ஆகி வீடு வந்த அன்று நடந்தது. தையல் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. தழும்புகூட மங்கிவிட்டது. கணவர் மட்டும் இரண்டு வருடமாக ஹாலில் இருந்தார்.

சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் ஒரு நாள் சமாதானம் வந்திருக்கும். இது மரியாதை. மரியாதைக்கு முடிவு கிடையாது. அவள் அழைக்காமல் உள்ளே போவது நாகரிகம் இல்லை என்று அவர் இருந்தார். ஹாலில் அவருக்கு நிம்மதியாக இருக்கிறது போலிருக்கிறது, அதைக் கெடுப்பானேன் என்று அவள் இருந்தாள். சோபா பக்கத்தில் ஒரு சின்ன மேஜை வந்தது. பிறகு படிக்கிற விளக்கு வந்தது. பிறகு கண்ணாடி வைக்க ஒரு டப்பா, தண்ணீர் பாட்டில். காலையில் போர்வையை நான்காக மடித்து, தலையணையை அதன்மேல் வைத்து, லாட்ஜைக் காலி செய்கிறவரைப் போல இடத்தைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போவார். அந்தச் சுத்தத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பஸ்ஸில் போகும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் அந்தப் பழைய பேச்சை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவாள். தன்னுடைய கடைசி வரியை மட்டும் திருத்துவாள். திருத்திய வரியைச் சொல்லத்தான் சந்தர்ப்பம் வரவில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருடம் ஆன பிறகு, வேலைக்குப் போய்விட்ட பெண்ணுக்கு அம்மாவான பிறகு, ஒருத்தி இதையெல்லாம் எப்படி வாய்விட்டுக் கேட்பாள்? கேட்டு வாங்கினால் அது பாசமா, சலுகையா?

அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். நாள் முழுக்க, “இதுல தெளிவா இருக்கா, அதுலயா? யோசிக்காம சொல்லுங்க” என்று ஊரில் உள்ளவர்களை அதட்டிப் பதில் வாங்குகிறவள். வீட்டில் அவளை அப்படி அதட்ட ஆள் இல்லை.

கணவர் மாணவர் விடுதிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரி. கட்டில், மெத்தை, பக்கெட், பூட்டு என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர். வேலையில் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் வளர்த்தியாக இருப்பார்களே என்று தாமாகவே யூகித்து, நீளமான மெத்தைகளாக ஒரு லாரி நிறைய வாங்கிவிட்டார். பிள்ளைகள் வளர்த்திதான், கட்டில்கள்தான் வளர்த்தி இல்லை. ஒவ்வொரு கட்டிலிலும் மெத்தை ஒரு சாண் வெளியே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. விடுதிப் பையன்கள் அவருக்கு ‘ஒரு சாண்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை: உபயோகிக்கிறவர் தேவையைச் சொல்ல வேண்டும், வாங்குகிறவன் யூகிக்கக் கூடாது.

அந்தக் கொள்கை வீட்டுக்குள்ளும் வந்தது, ஒரு முதுகு வலியோடு.

அவர்கள் கட்டிலில் கிடந்தது கல்யாணமான வருடம் வாங்கிய மெத்தை. நடுவில் பள்ளம். இரண்டு பேர் சேர்ந்து தோண்டிய குழியில் இப்போது ஒருத்தி மட்டும் விழுந்துகொண்டிருந்தாள். குனிந்தால் நிமிர முடியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதியதோடு, “முதல்ல மெத்தையை மாத்துங்க” என்றார்.

கணவர் அன்றைக்கே காரியத்தில் இறங்கினார்.

“ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் படுக்கறோம். செருப்புக்குச் செலவு பண்றோம், செல்போனுக்குப் பண்றோம், மெத்தைக்குப் பண்ண மட்டும் கை வரமாட்டேங்குது. இதுல கஞ்சத்தனம் கூடாது” என்றார். “நீ சொல்லு. உனக்கு எந்த மாதிரி வேணும்?”

“எனக்கென்ன, ஏதோ ஒண்ணு.”

“ஏதோ ஒண்ணுன்னு சொன்னா எப்படி விலை கேட்கறது? கெட்டியாவா, மெத்துனா?”

“நடுவுல பள்ளம் விழாம இருந்தாச் சரி.”

“அது விழாது. ஒருத்தர் வெயிட்டுக்கு எல்லாம் விழாது.”

அந்த ‘ஒருத்தர்’ அவள் காதில் ஊசி மாதிரி இறங்கியது. மறுநாள் சாப்பிடும்போது ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். “நம்ம கட்டில் நல்ல அகலம். அதையும் நினைச்சுக்கிட்டு வாங்குங்க.”

“அதைத்தான் நானும் நினைச்சேன். ரொம்ப அகலம்” என்று ஆமோதித்தார் அவர். “பாதி இடம் சும்மாத்தானே கிடக்குது.”

அதற்கு மேல் ஜாடை காட்ட அவளுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

“மெத்தை வாங்கறோம்க்கா. எவ்வளவுக்கு வாங்கலாம்?”

“ரெண்டு பேரும் படுக்கறது. நல்லதாவே வாங்கிடுங்க. எங்க வீட்டு மனுஷன் விலை குறைவா ஒண்ணை வாங்கிட்டு வந்து, இப்போ ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஓரத்துல தொங்கறோம். நடுவுல ஒரு மலை.”

“உங்களுக்கு மலை, எங்களுக்குப் பள்ளம்.”

“பள்ளம்னா தேவலைடி. உருண்டு ஒண்ணா விழலாம்” என்று அக்கா சிரித்தாள். பிறகு, “என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? அவர் ஏதாவது சொன்னாரா?”

“அவர் ஒண்ணும் சொல்லலை.”

“நீ?”

“நானும்தான்.”

“நல்ல குடும்பம்” என்றாள் அக்கா.

அடுத்த விடுமுறை நாளில் கடைக்குப் போனார்கள். பெரிய கூடம். வரிசை வரிசையாக மெத்தைகள், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி, நோயாளிகள் மட்டும் இல்லை. செருப்போடு படுத்துப் பார்ப்பதற்காக ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் பிளாஸ்டிக் விரிப்பு. விலைச்சீட்டுகள் எல்லாம் குப்புறக் கிடந்தன. முதலில் படு, அப்புறம் அதிர்ச்சியாகிக்கொள் என்ற ஏற்பாடு.

விற்பனை செய்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. மெத்தைக்குத் தகுந்தபடி கமிஷன் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. நேராக நடுக் கூடத்தில் இருந்த மிகப் பெரிய மெத்தைக்கு அழைத்துப் போனார். அதன் ஓரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, மறு ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து காட்டினார். தண்ணீர் அசையவில்லை.

“பாத்தீங்களா சார்? ஒருத்தர் எப்படிப் புரண்டாலும் பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. மேடத்துக்கு உடம்புல எங்க வலி இருந்தாலும் கவலையே இல்ல.”

மனைவி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல புரள ஆள் இல்லீங்களே” என்றார் கணவர்.

விற்பனைப் பெண்மணி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “சாருக்கு வெளியூர்ல வேலையா?”

“இல்ல. ஹால்ல.”

பெண்மணி டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார். கமிஷன் கையை விட்டுப் போகிற கவலையில் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். “பரவாயில்ல சார். வாங்கறது வாங்காதது அப்புறம். ரெண்டு பேரும் படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க. காசா பணமா?”

உலகத்தில் அவளுக்காகப் பரிந்து பேச அன்றைக்கு இருந்தது அந்தக் கமிஷன் ஒன்றுதான்.

இருவரும் படுத்தார்கள். அவர் ஸ்கேன் எடுக்கப் படுத்தவர் போல, கைகளை உடம்போடு ஒட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம். பக்கத்து வரிசையில் ஒரு இளம் ஜோடி எகிறிக் குதித்துச் சோதித்துக்கொண்டிருந்தது.

“மெத்துனு இருக்குல்ல?” என்றாள்.

“ம்.”

“கால் நல்லா நீட்ட முடியுதா?”

திரும்பிப் பார்த்தாள். தூங்கிவிட்டிருந்தார். சும்மா கண் அயர்வது இல்லை. வாய் லேசாகத் திறந்து, நெற்றிச் சுருக்கம் விரிந்து, தொலைதூரப் பயணம் முடிந்து வந்தவனின் தூக்கம். கால்கள் முழு நீளத்துக்கு நீண்டு பிளாஸ்டிக் விரிப்பையும் தாண்டிப் போயிருந்தன. ஹாலில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று இத்தனை நாள் நினைத்தோமே, இது ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிற மனுஷன் பகலில் தூங்குகிற தூக்கமா? பிறகு குறட்டை வந்தது. அந்த ஜோடியில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, எழுப்ப மனசு வராமல் இருந்தது.

விற்பனைப் பெண்மணிதான், “சார்!” என்றார்.

துள்ளி எழுந்தார். “நான் தூங்கலை. சோதிச்சேன்.”

“சோதனை வாசல் வரைக்கும் கேட்டுது சார்.”

“மெத்தை அருமை. ஆனா நான் முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்” என்று கணவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஓரமாக இருந்த ஒரு மெத்தையைக் காட்டினார். இயற்கை ரப்பர், மேலே பருத்தி உறை. தொட்டால் கை உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. அழகான மெத்தை. ஒருவர் படுக்கிற அகலம்.

மனைவியிடம் திரும்பினார். குரலில் ஒரு பெருமை. “இந்த டபுளுக்கு ஆகற அதே காசு. அதே காசுக்கு சிங்கிள்னா கடையிலேயே உசந்தது கிடைக்குது. நாலு கடையில கேட்டுட்டேன். என் ஒரு மாசச் சம்பளம் முழுசா ஆகும். ஆகட்டும். இதுக்குக் குறைஞ்சு ஒண்ணை உனக்கு வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். நான் என்ன, எங்க போட்டாலும் தூங்கிடுவேன்.”

இருபத்துநாலு வருடத்தில் அவர் சொன்ன மிகப் பிரியமான பேச்சு அதுதான். அந்தப் பிரியம் மூன்றடி அகலத்தில் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் குறைவாகப் பிரியம் வைத்திருந்தால் ஏதாவது ஒரு மலிவான டபுள் வாங்கியிருப்பார். அவளும் பிழைத்திருப்பாள்.

“கட்டில்?” என்றாள்.

“அதையும் பேசிட்டேன். பழைய கட்டிலை இவங்களே எடுத்துக்கறாங்க. அளவா ஒரு சின்னக் கட்டில் தர்றாங்க. பீரோவைக் கொஞ்சம் தள்ளிட்டா ரூம்ல உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டுக்கலாம். தாராளமா இருக்கும்.”

“நீங்க உள்ள வந்தா உக்காரவா?”

“அது உன் சௌகரியம்” என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

விற்பனைப் பெண்மணி பெருமூச்சு விட்டார். இவர் கேட்கிற சிங்கிளும் அதே விலைதான், கமிஷன் குறையாது என்று ஆன பிறகு அவருக்கும் இந்தக் குடும்பத்தில் அக்கறை போய்விட்டது. “பில் அங்க போடுவாங்க சார்” என்று கையைக் காட்டிவிட்டு அந்த இளம் ஜோடியிடம் நகர்ந்தார்.

இனி அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை.

பில் போடுகிற இடத்தில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தலையணைக்குப் பேரம் பேசினார். அவர் பேசப் பேச அவள் மனசில் வீட்டு அறை மாறிக்கொண்டே வந்தது. அகலக் கட்டிலை ஆட்கள் பக்கவாட்டில் சாய்த்து வாசல் வழியாக வெளியே எடுத்துப் போகிறார்கள். அந்த இடத்தில் சின்னக் கட்டில். பெண் விடுமுறைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருக்கிறாள். கேட்காமல் இருப்பது அந்த வீட்டில் பரம்பரையாகிவிடுகிறது. இத்தனை நாள் அவர் திரும்பி வர ஒரு இடமாவது காலியாகக் கிடந்தது. நாளைக்கு வர வேண்டும் என்று அவருக்கே தோன்றினாலும் படுக்க இடம் இருக்காது.

முன்னால் நின்றவர்கள் போய்விட்டார்கள்.

“ஒரு சிங்கிள் ரப்பர் மெத்தை, ஒரு சின்னக் கட்டில். பழைய கட்டில் எக்ஸ்சேஞ்ச்” என்று பில் போடுகிறவர் வாசித்தார். “இங்க ஒருக்கா அழுத்திட்டா மாத்த முடியாது சார். போட்டுடலாங்களா?”

கணவர் பர்ஸை எடுத்தார். எடுத்தவர் கொள்கை மாறாதவராக மனைவியைப் பார்த்தார்.

“படுக்கப் போறவ நீ. நீதான் சொல்லணும். போட்டுடலாமா? வேற ஏதாவது வேணுமா?”

பில் போடுகிறவரின் விரல் பொத்தான்மேல் நின்றது. பின்னால் இளம் ஜோடி வந்து நின்றுவிட்டது. விற்பனைப் பெண்மணி எங்கிருந்தோ திரும்பிப் பார்த்தார். இத்தனை பேர் எதிரில் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்குக் காது சூடேறியது. தனியாக இருந்த எழுநூறு ராத்திரியில் பேசாத பேச்சை இப்போது இங்கே வந்துதான் பேச வேண்டுமா?

வேறு வழி இல்லை.

“வேணும்” என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

“சொல்லு. என்ன வேணும்?”

“எனக்கு நீங்க பக்கத்துல வேணும். ஹால்ல படுத்தது போதும். ரூமுக்குள்ள வந்து படுங்க.”