இழுக்கிற கதவு

செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க அடியில் ஒரு செங்கல்லை வைத்திருந்தாள். வெளியே தெருவிளக்குக் கம்பத்தின் அருகில் அந்த இளைஞன் நின்றுகொண்டிருந்தான். அவன் கூப்பிடவில்லை, கையைக் காட்டவும் இல்லை. கூப்பிட்டால் அவளுக்குப் படபடப்பு கூடும்.

"கிளம்புறியா, இல்ல பொண்ணு பாக்க வர்றாங்கன்னு உட்கார்ந்திருக்கியா?" என்றான் உள்ளிருந்து கணவன். வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலைக்குப் போக முழங்கால் பட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"போறேன். அவசரப்படுத்தாத."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நேத்து கம்பம் வரைக்கும் போனேன்ல?"

"போன. யாரு இல்லேங்கறா? திரும்பி வந்ததுதான் ஓட்டப்பந்தயம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மூச்சிலேயே எழுந்து வாசல்படியைத் தாண்டிவிட்டாள்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் வைப்பது அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. அடுத்த மெஷினில் பட்டன் தைத்த பெண்ணுக்குப் பட்டன் என்றே பெயர் விழுந்திருந்தது. குட்டையாக, உருண்டையாக இருப்பாள். பெயர் இரண்டு விதத்திலும் பொருந்துகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கம்பத்தின் அருகில் நிற்பவன் பட்டனின் கணவன். கல்லூரியில் படித்தவன். ஒரு கூரியர் அலுவலகத்தில் கணினி வேலை. இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரே படம், கல்யாணப் படம். அதிலிருந்து பட்டனை மட்டும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தான். அவள் தோளில் அவனுடைய கை மட்டும் படத்தில் மீந்துவிட்டது.

ஒருநாள் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் தீப்பிடித்தது. சின்னத் தீதான். ஆனால் மூட்டையாய்க் கிடந்த வெட்டுத் துணிகள் புகைந்து, கூடம் முழுக்கப் புகை. முன்பக்கப் படிக்கட்டு இஸ்திரிப் பிரிவைத் தாண்டித்தான். எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். காலர் அக்காவும் பட்டனும் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். காலர் அக்கா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவள் கைமேல் பட்டன் தன் கையை வைத்து இழுத்தாள். அப்போதும் வரவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் வந்து மோதினார்கள். யாரோ ஜன்னலை உடைத்தது, தோளைப் பிடித்து வெளியே எடுத்தது, முகத்தில் தண்ணீர் விழுந்தது எல்லாம் காலர் அக்காவுக்குத் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. பட்டனை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

சட்டைகள் திருட்டுப் போகின்றன என்று பின்கதவைப் பூட்டி வைப்பது வழக்கம். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தார். புகை அடங்கி மற்றவர்கள் பார்த்தபோது கதவு திறந்து கிடந்தது. கம்பெனி சொன்னது இதுதான்: கதவு பூட்டவே இல்லை. அது உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு. பதற்றத்தில் பெண்கள் அதைத் தள்ளியிருக்கிறார்கள்.

பின்னால் நின்றவர்கள் முன்னால் இருந்தவர்களின் முதுகைத்தான் பார்த்தார்கள். அதோடு, அவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். கைப்பிடியில் கை வைத்தது இரண்டு பேர். அதில் ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை.

"தீ விபத்து விசாரணைல வந்து அத மட்டும் சொன்னாப் போதும்க்கா. தள்ளல, இழுத்தேன்னு," என்று பட்டனின் கணவன் ஒருநாள் வந்து சொன்னான். நிறையப் பேசுகிறவன் இல்லை. அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

"வர்றேன் தம்பி," என்றாள் காலர் அக்கா. சொன்னபோது அவள் வீட்டைவிட்டு வெளியே வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

தீ விபத்துக்குப் பிறகு அந்தப் படபடப்பு முதலில் சந்தையில்தான் வந்தது. வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் நெருக்கியது. நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்தன, தரை சாய்ந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். இரண்டாவது தடவை பஸ்ஸில் வந்தது. அதற்குப் பிறகு சந்தைக்குப் போகவில்லை, பஸ் ஏறவில்லை. பிறகு தெருமுனைக் கடையும் நின்றது. பிறகு கம்பம். கடைசியில் வாசல்படி மட்டும் மிஞ்சியது. வீட்டுக்குள்ளும் கதவைச் சாத்த விடமாட்டாள். ஒருநாள் தெருநாய் உள்ளே வந்து பாயில் படுத்துக்கொண்டது.

"இருக்கட்டும்," என்றான் கணவன். "வீட்டுல என் பேச்சக் கேட்க ஒரு ஜீவனாவது இருக்கட்டும்."

மேடம் அதற்குப் பிறகுதான் வந்தார். தீ விபத்தில் தப்பியவர்களின் மனநிலையைக் கவனிக்கக் கம்பெனி ஏற்பாடு செய்திருந்த ஆலோசகர். பருத்திப் புடவை, மெல்லிய குரல். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அனுப்பினது கம்பெனிதான். ஆனா நீங்க சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ள," என்றார்.

"எனக்குப் பைத்தியமா மேடம்?"

"இல்லம்மா. உங்க உடம்புக்குள்ள ஒரு சைரன் இருக்கு. ஆபத்து வந்தா அடிக்கறதுக்காக இருக்கு. இப்ப அது புகை இல்லாமலே அடிக்குது. அவ்வளவுதான்."

"அன்னைக்கு அடிக்க வேண்டிய சைரன் அடிக்கவே இல்லயே மேடம்."

மேடம் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "இது அடிக்கறப்ப நீங்க ஓடிடறீங்க. ஓடினதும் அடங்குது. அதனால ஓடினதாலதான் பிழைச்சோம்னு உடம்பு கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சத்தமா அடிக்கும். ஓடாதீங்க. அங்கேயே நில்லுங்க. மூச்ச மெதுவா வெளிய விடுங்க. ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானா இறங்கும். இதுல யாரும் செத்ததில்ல," என்றார்.

யாரும் இதை அவளிடம் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. தனக்கு வருவதற்கு ஒரு போக்கு இருக்கிறது, ஏறி இறங்குகிற ஒன்று என்பதே அவளுக்குப் பாதித் தெம்பாக இருந்தது.

மறுநாளிலிருந்து பழகினாள். வேலைக்குப் போகும் வழியில் பட்டனின் கணவன் வந்து கம்பத்தருகில் நிற்பான். அவள் அவன்வரை நடப்பாள். படபடப்பு ஏறும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"வந்துருச்சு தம்பி."

"சரிக்கா."

"செத்துருவேன் போல இருக்கு."

"ம். நில்லுங்க."

அவன் கையைப் பிடித்ததில்லை, ஆறுதலாக எதுவும் சொன்னதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடங்கியதும், "இறங்கிருச்சு," என்பாள். "சரிக்கா," என்று அவன் வேலைக்குப் போய்விடுவான். கம்பம் போய்த் தெருமுனை வந்தது. தெருமுனை போய்ச் சந்தை வந்தது. சந்தையில் பழைய வெங்காயக்காரி, "எங்க காணாம போயிட்ட? வேற கடை பாத்துக்கிட்டியா?" என்று சண்டைக்கு வந்தாள். காலர் அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். அழுகை வேறு, படபடப்பு வேறு என்று அன்று தெரிந்தது.

தூரமான இடங்களுக்கு மேடம் கூட வந்தார். ஒருநாள் பெரிய கடை ஒன்றுக்குப் போனார்கள். உள்ளே போய், சுற்றி வந்து, திரும்பும்போது கண்ணாடிக் கதவு. அவள் தள்ளினாள். வரவில்லை. மறுபடி தள்ளினாள். சைரன் அடிக்க ஆரம்பித்தது.

"பூட்டிட்டாங்க மேடம்! பூட்டிட்டாங்க!"

"மூச்ச விடுங்க. அப்படியே நில்லுங்க. என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

கண்ணாடியில் 'இழு' என்று எழுதியிருந்தது. நின்றாள். மூச்சு விட்டாள். அடங்கியதும் இழுத்தாள். கதவு வந்தது. வெளியே வந்ததும் இருவரும் சிரித்தார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சில நேரம் பஸ்ல கதவு திறந்துதான் மேடம் இருக்கும். எனக்கென்னமோ பூட்டின மாதிரியே இருக்கும்," என்றாள் காலர் அக்கா, சிரிப்பு அடங்காமலே.

"பாத்தீங்களா? உங்களுக்கே புரிய ஆரம்பிச்சிருச்சு," என்றார் மேடம்.

விசாரணை நாளன்று அவள் தனியாகவே பஸ் ஏறினாள். கணவன் கூட வருகிறேன் என்றான், வேண்டாமென்றாள். வழியில் ஒருதடவை ஏறியது. ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கியது. விசாரணை அலுவலக வாசலில் பட்டனின் கணவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துவரை பட்டன். அவள் அவன் சட்டைக் காலரைப் பார்த்தாள். அவர்கள் கம்பெனிச் சட்டைதான். அவள் வைத்த காலராகக்கூட இருக்கலாம்.

"தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான் தம்பி."

அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

அறைக்குள் நீள மேசை. விசாரணை அதிகாரி நடுவில், கணினியில் தட்டச்சு செய்கிறவர் ஓரத்தில். கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் மேடம் உட்கார்ந்திருந்தார். காலர் அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். தனக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்தாள். மேடம் கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்தார். ஏசி போட்டிருந்ததால் சிப்பந்தி கதவைச் சாத்தினான். அவள் நெஞ்சு ஒருமுறை எம்பியது. மூச்சை வெளியே விட்டாள். அடங்கியது.

கேட்டதற்கெல்லாம் சொன்னாள். கைப்பிடியைப் பிடித்தேன். இழுத்தேன். என் கைமேல் அவள் கை வைத்து இழுத்தாள். பூட்டியிருந்தது. குரல் நடுங்கவில்லை.

வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஒரே ஒரு கேள்விம்மா. இப்ப இந்த ரூம் கதவு பூட்டியிருக்கா, சும்மா சாத்தியிருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இங்கேருந்து எப்படி சார் தெரியும்? இழுத்துப் பாத்தாதான் தெரியும். அன்னைக்கு நான் இழுத்துப் பாத்தேன்."

"தெரியாதுங்கறீங்க."

"இங்கேருந்து தெரியாது."

"தெரியாது," என்றார் அதிகாரி, தட்டச்சு செய்கிறவரைப் பார்த்து. விசைகள் கொஞ்ச நேரம் சத்தம் போட்டன.

பிறகு மேடத்தைப் பேசச் சொன்னார்கள். மேடம் எழுந்து நின்றார். அதே மெல்லிய குரல். "இவங்களுக்குக் கடுமையான பீதி நோய் இருந்துச்சு. அந்த நேரத்துல திறந்திருக்கற கதவும் பூட்டின மாதிரி தெரியும். அவங்களே எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒரு கடைல 'இழு'ன்னு எழுதியிருந்த கதவ என் கண்ணு முன்னாடியே தள்ளிக்கிட்டு நின்னாங்க. பூட்டிட்டாங்க, பூட்டிட்டாங்கன்னு கத்தினாங்க."

"மேடம், அது கடைக் கதவு. இது எனக்கு வந்ததே தீக்கு அப்புறம்தானே?"

"குறுக்க பேசாதீங்கம்மா," என்றார் அதிகாரி.

"இவங்க பொய் சொல்றவங்க இல்ல சார்," என்றார் மேடம். "ரொம்ப நல்லவங்க. அவங்களுக்கு அன்னைக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்."

விசைகள் மறுபடி சத்தம் போட்டன. இந்தத் தடவை வெகுநேரம்.

முடிந்ததும் நாற்காலிகள் நகர்ந்தன. மேடம் மேசையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நமக்குள்ளன்னு சொன்னீங்களே மேடம்," என்றாள் காலர் அக்கா.

"கம்பெனி கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும். என் வேலை அப்படிம்மா. உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லல." மேடம் அவள் முழங்கையைத் தொட்டார். "நான் கவனிச்சேன். இவ்வளவு நேரத்துல ஒரு தடவைகூட உங்களுக்கு மூச்சு வாங்கல. எவ்வளவு தேறிட்டீங்க பாருங்க."

காலர் அக்கா முழங்கையை எடுத்துக்கொண்டாள். பட்டனின் கணவன் சுவரோரமாக நின்றிருந்தான். அவனிடம் போனாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கம்பத்தருகில் தெருவைப் பார்ப்பதுபோலவே, சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "அன்னைக்கு... இழுத்தீங்கதானே?"

நெஞ்சு எம்பும் என்று காத்திருந்தாள். எம்பவில்லை. உள்ளே எதுவும் அடிக்கவில்லை.

கதவை நோக்கி நடந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வக்கீல் காகிதங்களை அடுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். கதவில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வழுவழுப்பான பித்தளைக் கைப்பிடி. அதன்மேல் கையை வைத்தாள்.

இழுத்தாள். கதவு வந்தது.

தட்டச்சு செய்கிறவர் அதற்குள் கணினியை அணைத்து, உறையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.