ரிஃப்ளெக்டரை மடித்தது யார்?

என் வீட்டுக்காரர் ஷர்வினுக்கு ரிஃப்ளெக்டரை மடிக்கத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாகத் தெரியாது. குடை அளவு வட்டத்துணி, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெள்ளை. எட்டுப் போல முறுக்கினால் பைக்குள் அடங்கிவிடும். அவர் முறுக்கினால் அவர் முகத்திலேயே அறையும். ஃபிளாஷ் போடமாட்டேன், சூரியன் போதும் என்று ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருக்கிற மனுஷன். அந்தச் சூரியனைப் பிடித்து ஆட்களின் முகத்தில் திருப்பிவிடுவது நான்தான். மடிப்பதும் நான்தான்.

அந்த ஞாயிறு என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். தெலுக் இந்தானில் ஒரு கடைக்காரரைப் படம் எடுக்க வேண்டும், ரிஃப்ளெக்டரை மாட்ட ஸ்டாண்டே போதும் என்று போனார். மத்தியானம் அவர் வந்ததும் பையைத் திறந்தேன். ரிஃப்ளெக்டர் அழகாக மடிந்து, ஜிப்பும் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஸ்டாண்டுக்குக் கை முளைத்ததா?

கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும். மடித்த ஆள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. கொஞ்ச நாளாகவே நான் காப்பி ஊற்றப் போனால் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொள்கிறார். நீ உட்காரு என்கிறார். டாக்டரிடம் போகலாமா என்று இரண்டு முறை கேட்டார். நாற்பத்தாறு வயதில் என்னைக் கிழவியாக்கப் பார்க்கிறீர்களா என்று ஏசிவிட்டேன். இப்போதுதான் புரிந்தது, இதெல்லாம் குற்ற உணர்ச்சி. நெருப்பில்லாமல் புகையுமா?

அடுத்த ஞாயிறு தாப்பாவில் வேலை என்று கிளம்பினார். அண்ணனின் காரை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். தாப்பாவுக்குப் போகிறவர் பாதி வழியில் கோப்பெங்கிலேயே உள்ளே திரும்பினார். செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய தோட்டம். முன்பு ரப்பர்ப் பால் எடைபோட்ட கொட்டகையில் ஒரு சுவர்தான் மிச்சம். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன்.

இருந்தாள். முப்பது வயது இருக்கும். என் ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றாள். ஆனால் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது சொர்ணம் ஆச்சி. தன் வீட்டுக்காரரின் மணிவிழாப் பத்திரிகைக்காகப் போன மாதமே எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டு போனவர். கள்ளத்தனம் பண்ண வருகிறவர் ஆச்சியையுமா கூட்டி வருவார்? எனக்குக் குழம்பிவிட்டது.

ஆனாலும் வாய் நிற்குமா? யார் இவள், எத்தனை நாளாக நடக்கிறது என்று கத்தினேன். பெயர் துளசி, ரிஃப்ளெக்டர் பிடிக்கச் சம்பளத்துக்கு வந்த பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய் என்று ஆச்சிதான் பொறுமையாகச் சொன்னார். ஷர்வின் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட மறைச்சீங்க?"

கேமராவை நீட்டினார். போன மாதம் எடுத்த ஆச்சியின் படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதல் படத்தில் வெளிச்சம் கன்னத்தில், அடுத்ததில் கழுத்தில், அதற்கடுத்ததில் காதில். ஒரே மூச்சில் எடுத்த பத்துப் படம், பத்திலும் வெளிச்சம் வேறு வேறு இடத்தில்.

"ஒண்ணும் தேறல லா, மறுபடி எடுக்கத்தான் ஆச்சி வந்திருக்காங்க," என்றார். "ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு. உன் கை நடுங்குது, பிரமிளா. டாக்டர்னு சொன்னா ஏசுற."

பொய் என்றேன். துளசியின் கையிலிருந்து ரிஃப்ளெக்டரைப் பிடுங்கி, வெயிலில் ஏந்தி, சுவரை நோக்கித் திருப்பினேன். சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. அது ஆடியது. மூச்சை அடக்கினேன். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டேன். அப்போதும் ஆடியது. மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார்கள்.

"காத்து அடிக்குது," என்றேன்.

செம்பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஷர்வின் பின்னால் வந்து, என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினார். சுவரில் வெளிச்சம் அப்படியே நின்றது.

"விட்டுப் பாருங்க," என்றேன்.

விட்டார். மறுபடியும் ஆடியது.