அப்பா பரிமாறிய ஞாயிறுகள்

அப்பாவுக்கு வேலையிடத்தில் பந்தி என்று பெயர். பேருந்துப் பணிமனையில் சக்கரப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தார். மதியம் மணி அடித்ததும் மற்றவர்கள் ஆளுக்கொரு மூலையாகப் பார்த்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அப்பாவுக்கு அது ஆகாது. கையில் அப்பிய கிரீஸை மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நீள இருக்கையில் போய் உட்கார்ந்து, “வாங்கப்பா, பந்தி போட்டாச்சு” என்று குரல் கொடுப்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மேலாளர்கூட வேலை சொல்ல வந்தால் “பந்தி எங்கப்பா?” என்றுதான் கேட்பாராம்.

அந்த இருக்கையில் அவரோடு எப்போதும் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எலக்ட்ரீஷியன். சின்ன வயதில் நான் அவரைக் கரண்ட் மாமா என்று கூப்பிட ஆரம்பித்து, அவர் மனைவியே அப்படிக் கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது. வாய் ஓயாமல் பேசுவார். இன்னொருவர் வெல்டர் மாமா. அவர் வாயைத் திறப்பதே சோறு போடத்தான் என்று அப்பா கிண்டல் செய்வார். வெல்டர் மாமா தனிக்கட்டை. அவர் டப்பாவில் பெரும்பாலும் வெறும் சோறும் ஒரு துண்டு ஊறுகாயும்தான் இருக்கும். அது தெரிந்த நாளிலிருந்து அம்மா அப்பாவின் கேரியரில் அடித்தட்டைப் பெரிதாக மாற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தி எங்கள் வீட்டில். பருப்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பெரிய விருந்தொன்றும் இல்லை. ஆனால் அப்பா கரண்டியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். தானே பரிமாறி, தானும் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாரம் என்ன சமைப்பது என்று பேச ஆரம்பித்துவிடுவார். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றோடு பிசைவதா, தனியாகக் கடிப்பதா என்று அவருக்கும் கரண்ட் மாமாவுக்கும் பல வருடத் தகராறு. வெல்டர் மாமா இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்வார்.

முதலில் சப்பாத்திதான் காட்டிக் கொடுத்தது. நெஞ்சில் நின்றுகொள்கிறது என்றார் அப்பா. மாவு சரியாக ஊறவில்லை போல என்று அம்மா நினைத்தாள். பால் விட்டுப் பிசைந்தாள். வெந்நீர் விட்டுப் பிசைந்தாள். பிறகு சோறும் இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தள்ளினார். கடைசியில் கஞ்சிக்கு வந்து, கஞ்சியும் திரும்பி வந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்பச் சம்மதித்தார்.

உணவுக்குழாயில் கட்டி. அவருடைய இதயம் இருக்கும் நிலையில் அறுத்து எடுப்பது முடியாது என்றார்கள். விலா எலும்புக்குக் கீழே துளை போட்டு வயிற்றுக்குள் ஒரு குழாயை வைத்து அனுப்பினார்கள். சத்துமாவுக் கரைசலை அதன் வழியே மெதுவாக ஊற்ற வேண்டும், முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலையில் இருப்பவள், கை நடுங்காது. அதனால் நர்ஸ் எனக்குத்தான் கற்றுக் கொடுத்தார். வாய் வழியாக எதுவும் உள்ளே போகக் கூடாது, தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் தாளிப்புச் சத்தம் நின்றுபோனது. அதைப் பற்றி அம்மாவும் நானும் கலந்து பேசவில்லை; அதுவாக நடந்தது. நான் கடையிலேயே சாப்பிட்டுக்கொண்டேன். அம்மா சோற்றை மட்டும் வடித்து, பின்கட்டில் துணி துவைக்கும் கல் பக்கம் போய் நின்றபடியே ஊறுகாயோடு இரண்டு வாய் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். சாயங்காலம் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். அப்பா கட்டிலில் படுத்தபடி, திறந்து வையேன், காற்று வரட்டும் என்பார். காற்றுக்காக அவர் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். மதியமே வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் அப்பா இல்லை. அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். மேடையில் அம்மா மூடி வைத்திருந்த சோறு திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம். அவர் தாடை அசைந்துகொண்டிருந்தது. குனிந்து வாயில் இருந்ததைக் கிண்ணத்தில் துப்பினார்.

நான் “அப்பா” என்றேன். திரும்பிய முகத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. வேலையிடத்தில் சின்ன வயதுக்காரர்களெல்லாம் பயப்படும் மனிதர், திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். கிண்ணத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“முழுங்கலம்மா. சத்தியமா முழுங்கல. பாரு.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நாக்கு நல்லாத்தானே இருக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாது இல்ல? அது பாட்டுக்குக் கேக்குது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாகிட்ட சொல்லிடாத” என்றார்.

அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். ஈரத் துணி வாளியோடு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாளியை வைத்துவிட்டு, அப்பாவைத் தாண்டிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். வாணலியை வைத்து எண்ணெய் விட்டாள். கடுகு டப்பா எங்கே போனது என்று கொஞ்ச நேரம் தேடினாள்.

“கறிவேப்பிலை வாடிப்போச்சு. பரவாயில்லையாங்க?” என்றாள்.

அப்பா தலையை மட்டும் அசைத்தார். கடுகு வெடித்தபோது முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அம்மா ரசம் வைப்பாள், குழம்பு வைப்பாள். அப்பா ஒரு வாய் மென்று, நாக்கில் உருட்டி, கிண்ணத்தில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருந்திருக்கலாம். எங்களுக்கு இல்லை. கிண்ணத்தை அம்மாதான் கழுவுவாள்.

அப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை பழையபடி எல்லாரையும் கூப்பிடு என்று என்னிடம் சொன்னார். இரண்டு மாமாக்களும் வந்தார்கள். குழாயைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு அப்பா கரண்டியை எடுத்தார். அவர்கள் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், தண்டனையை அனுபவிப்பவர்கள்போலச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார் அப்பா.

“என்னப்பா இது, இழவு வீட்ல சாப்பிடுற மாதிரி? நான் இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன். எப்படி இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்க.”

கரண்ட் மாமா ஆரம்பித்தார். அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? கத்தரிக்காய் வெண்ணெய் மாதிரி கரைகிறது, புளி கொஞ்சம் தூக்கல், ரசம் காது வரைக்கும் போகிறது என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி அடுக்கினார். புளி தூக்கலா, உன் நாக்கில்தான் கோளாறு என்று அப்பா சண்டைக்குப் போனார். பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெல்டர் மாமா மட்டும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். அவர் தட்டில் சோறு மிஞ்சி அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அப்பா அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொல்வார். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். பிறகு அவர் பங்குச் சோற்றைக் கேரியரில் போட்டுக் கரண்ட் மாமாவிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார். கேரியர் சுத்தமாகக் கழுவி வரும். என்ன சொன்னான் என்று அப்பா கேட்பார். ரசம் பிரமாதம் என்று சொல்லச் சொன்னான் என்பார் கரண்ட் மாமா. அவன் இத்தனை வார்த்தை பேச மாட்டானே என்று அப்பா சந்தேகமாகப் பார்ப்பார்.

அம்மாவும் சாப்பிடுவதில்லை என்பதை அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே வேலை இருக்கிறது என்று போய்விடுவாள். கேட்டால் அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஒரு மதியம் அப்பா அவளைக் கூப்பிட்டுத் தன் எதிரே உட்காரச் சொன்னார்.

“எனக்குத்தான் டாக்டர் குழாய் வச்சாரு. உனக்கு யாரு வச்சது?”

அம்மா பசிக்கவில்லை என்று ஏதோ முணுமுணுத்தாள். அப்பா தட்டை இழுத்து, சோற்றில் ரசத்தை விட்டு, குழையக் குழையப் பிசைந்தார். முன்பெல்லாம் எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் அவர் நகக்கண்களில் இருக்கும். இத்தனை மாத ஓய்வில் அதுவும் மறைந்து நகம் வெளிறிக் கிடந்தது. ஒரு உருண்டை உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினார். நான் இருப்பதைப் பார்த்து அம்மாவுக்குக் கூச்சம். வாங்கிக்கொண்டாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“முழுங்கு” என்றார் அப்பா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவள் விழுங்கினாள். அடுத்த உருண்டையை நீட்டினார். தட்டு காலியாகும்வரை விடவில்லை. அதன் பிறகு தினமும் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். முடியாத நாளில் கட்டிலிலேயே ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குளிர் அதிகமான ஒரு வாரத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் சேர்த்தோம். வேலை முடிந்து நேரே அங்கே போனேன். மூச்சுக்கு மாட்டியிருந்த முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கூட வேலை செய்யும் பெண் கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம் என்றேன்.

“கடலை இருந்துச்சா?”

“இருந்துச்சுப்பா.”

“வறுத்துப் போட்டாளா, பச்சையாவா?”

“வறுத்ததுதான். நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு.”

அப்படியென்றால் சரி என்கிற மாதிரித் தலையசைத்தார். முகமூடியைத் திரும்ப வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் காலை போய்விட்டார்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கரண்ட் மாமா எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தார், வாயைத் திறக்கவில்லை. வெல்டர் மாமா கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு எங்களிடம் வராமலே திரும்பிப் போனார். எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் இருந்தது. அம்மா மறுபடி பின்கட்டுக் கல் பக்கம் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொள்ளப் போய்விட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெல்டர் மாமா வந்தார். துண்டில் சுற்றிய பாத்திரம் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டே வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாதான் சொன்னாள். பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, குழம்பு, தானே வைத்தது என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“வரக் கூடாதுன்னு இல்ல அண்ணி. அன்னைக்கு நான் சாப்பிடும்போது அண்ணன் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் ஒவ்வொரு வாய் முழுங்கும்போதும் அவரு தொண்டையும் முழுங்குது. ஒண்ணும் இல்லாமலே முழுங்குது. அவருக்கே அது தெரியல. அதுக்கப்புறம் எனக்கு இறங்கல. நீங்க குடுத்துவிட்ட சோத்தையெல்லாம் வாட்ச்மேனுக்குத்தான் குடுத்தேன்.”

அம்மா பாத்திரத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

“நானும் பாத்தேன் தம்பி” என்றாள். “வேற என்ன வேலை இருந்துச்சு எனக்கு உள்ள? அதப் பாக்க முடியாமதான் எந்திரிச்சுப் போயிடுவேன்.”

அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அத்தனை ஞாயிறுகளில் கூடவே இருந்தும் அந்தத் தொண்டையை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. அப்பாவின் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா எழுந்து உலை வைத்தாள். சோறு வெந்ததும் மூன்று தட்டு போட்டாள். வெல்டர் மாமாவின் குழம்பில் காய் நடுவில் வேகவில்லை, மிளகாய்த்தூள் பச்சை வாடை அடித்தது. அம்மா அதைத்தான் ஊற்றிக்கொண்டாள். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். வெல்டர் மாமா பிசைந்த சோற்றைப் பார்த்தபடி அழுதார். அம்மா அவரைத் தேற்றவில்லை. தண்ணீர் டம்ளரை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருகிறார். முடிந்தால் கரண்ட் மாமாவும் வருவார். பெரிதாகப் பேச்சு எதுவும் இருக்காது. அவரவர் தட்டில் அவரவரே போட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. எப்போதும் ஒருவர் சாப்பிடும் சோறு பாத்திரத்தில் மிஞ்சிவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் அவள் அதில் எலுமிச்சை பிழிந்து தாளித்துக் கொடுக்கிறாள். நான் கடைக்கு எடுத்துப் போகிறேன்.