நாலாவது விரல்

ஸஹானாவின் வலது கை மோதிர விரல் மடங்க ஆரம்பித்தது ஆடி மாதத்தில். வலி எதுவும் இல்லை. மேலிருந்து கீழே வேகமாக இறங்கும் ஒரு வரிசையை வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த விரல் மட்டும் உள்ளங்கையைப் பார்த்துச் சுருண்டுகொண்டது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி வாசித்தாள். மறுபடியும் சுருண்டது.

அடையாறில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் அவள் ஜாஸ் பியானோவில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பியானோக்காரர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் மோதிர விரல் நாலாவது. எல்லாருக்குமே அது சோம்பேறி விரல்தான். அதனால் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். மயிலாப்பூர் வீட்டில் பால் பாக்கெட் வருவதற்கு முன்பே எழுந்து, நாலாவது விரலுக்கென்றே இருக்கும் பயிற்சிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். எவ்வளவுக்கு எவ்வளவு பழக்கினாளோ அவ்வளவுக்கு அவ்வளவு அது முரண்டு பிடித்தது.

அவளைக் குழப்பியது என்னவென்றால், வேறு எந்த வேலைக்கும் அந்த விரல் மறுப்புச் சொல்லவில்லை. தலை பின்னினாள், ரசஞ்சாதம் பிசைந்தாள், ஃபோனில் தட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காக வந்தது. பியானோவில் வைத்தால்தான் ஒளிந்துகொண்டது.

"ஏண்டி, கையையே பாத்துண்டு உக்காந்திருக்கே? வலிக்கறதா?" என்று கேட்டாள் அவள் அம்மா ஜானு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்கத் தேவையில்லாதவள்.

"இல்லேம்மா. நகம் வெட்டணும்."

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்கு வேறு சந்தேகம் இருந்தது. பெண் சரியாகச் சாப்பிடாமல், கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் இருந்தால் ஜானுவுக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: யாரோ ஒரு பையன்.

பல்கலைக்கழகத்தில் ஸஹானாவின் குழுவில் நாலு பேர். பியானோவுக்கு அவள், சாக்ஸஃபோனுக்குச் செம்பியன், டிரம்ஸுக்குச் சாய்நாத், பேஸ் கிடாருக்கு வேளச்சேரியிலிருந்து வரும் ஒரு பேச்சில்லாத பையன். வாரத்தில் மூன்று நாள் பேராசிரியர் ஃபராஸ் முன்னால் வாசிக்க வேண்டும். முதலில் எழுதிவைத்த மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக, அந்த மெட்டின் அடியில் ஓடும் சுரக்கட்டின், அதாவது கார்டு வரிசையின், மேல் அந்த நேரத்தில் தோன்றுவதைத் தனியாக வாசிக்க வேண்டும். படிப்பே அதற்காகத்தான். மனதில் என்ன இருக்கிறதோ அதுதான் வெளியே வரும், ஒளிக்க முடியாது என்று ஃபராஸ் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்.

ஒளிக்க முடியும் என்று ஸஹானா கண்டுபிடித்தாள். எழுதிய மெட்டில் தப்பிக்க வழியில்லை; அதில் விழும் ஓட்டைகளைச் சாய்நாத்தின் டிரம்ஸ் சத்தம் மூடிக்கொண்டது. ஆனால் தன் முறை வரும்போது எந்தச் சுரத்தை வாசிப்பது என்பது அவள் இஷ்டம். நாலாவது விரல் தேவைப்படும் இடங்களை விட்டுவிட்டாள். வேகமான வரிசைகளை விட்டாள். இடது கையில் இரண்டு சுரங்களை அழுத்திவிட்டு, வலது கைக்கு எது முடியும் என்று தேடுவதற்குள் நாலைந்து தாளம் போய்விடும். பிறகு ஒரே ஒரு சுரம். மறுபடி வெறுமை. விட்ட இடமெல்லாம் பல்லிளிக்கிறது, இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் முடித்தாள்.

அப்படி ஒருநாள் முடித்தபோது ஃபராஸ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருஷத்துக்கு மேலா உன்கிட்ட இதுக்குத்தான் மன்றாடினேன்," என்றார். "விரலைக் காட்டறதை விட்டுட்டு இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்க. எங்கிருந்து வந்தது இது?"

சாய்நாத் கை தட்டினான். பேஸ் வாசிக்கிற பையன்கூட வாயைத் திறந்து, "செமயா இருந்துச்சு" என்றான். அவள் சிரித்துவைத்தாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து பாராட்டு நிற்கவில்லை. வருட இறுதி அரங்கத் தேர்வில் அவளுடைய குழுதான் கடைசியாக, முக்கியமான இடத்தில் வாசிக்கும் என்று முடிவானது. அவள் நோய் அவளைக் கெட்டிக்காரி ஆக்கிக்கொண்டிருந்தது.

நோய்தான் என்பது ஐப்பசி மழையில் தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு நரம்பியல் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவர் மேஜையில் வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரு சின்னக் கீபோர்டை வைத்து வாசிக்கச் சொன்னார்; அதில்தான் விரல் சுருண்டது.

"விரல்ல ஒரு கோளாறும் இல்லம்மா," என்றார். "மூளையில ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் இருக்கு. ஒரே அசைவை வருஷக்கணக்கா பழகினதுல உனக்குப் பக்கத்து இடங்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. இதை வாசிச்சுச் சரி பண்ண முடியாது. வாசிச்சா இன்னும் மோசமாகும். முதல்ல நிறுத்து. அப்புறம் கொழந்தை மாதிரி அடியிலேருந்து ஆரம்பிக்கணும்."

"திரும்பி வருமா, டாக்டர்?"

"சில பேருக்கு வந்திருக்கு."

அவள் நிறுத்தவில்லை. தேர்வு முடியட்டும் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் செம்பியன் உடைந்துகொண்டிருந்ததை அவள் கவனித்தாள். கவனிக்காதது போலவும் இருந்தாள். செம்பியன் சாந்தோமில் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். பள்ளிக்கூட பேண்ட் வாத்தியத்தில் சாக்ஸஃபோன் பிடித்து, கல்யாண ஊர்வலங்களில் வாசித்து வளர்ந்தவன். இப்போது குப்பத்தை அரசாங்கம் காலி செய்து, குடும்பம் ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டுவிட்டது. ரோட்டோரம் நின்று இரண்டு பஸ் மாறி வருவான். அவன் வாசிப்பு கொட்டுகிற வாசிப்பு. மூச்சு இருக்கிறவரை நிறுத்தமாட்டான். முதல் வருஷத்தில் ஃபராஸே அதை ரசித்தார். இப்போது, "மூச்சு விடு செம்பியா. ஸஹானாவைப் பாரு. எவ்வளவு இடம் விடறா பாரு" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் அடையாறு டெப்போ பக்கத்து டீக்கடையில் செம்பியன் அவளிடம் நேராகவே கேட்டான்.

"ஒண்ணு கேட்டா மெய்யா சொல்லுவியா? நடுவுல சும்மா கீறியே, அப்போ உள்ள இன்னா ஓடிக்கினு கீது? நானும் வுட்டுப் பாக்கறேன். எனுக்கு வெறும் ஓட்டையாத்தான் வருது."

அப்போதே சொல்லியிருக்கலாம். டீ கிளாஸை வலது கையில்தான் பிடித்திருந்தாள். நாலாவது விரல் நல்ல பிள்ளையாக மற்ற விரல்களோடு கிளாஸைச் சுற்றியிருந்தது. அவன் முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"மனசுல முதல்ல வர்றதை வாசிக்க மாட்டேன்," என்றாள். "ரெண்டாவதா வர்றதையும் விட்டுடுவேன். இதை வாசிக்காம இருக்கவே முடியாதுன்னு அப்புறமா ஒண்ணு வரும் பாரு, அதைத்தான் வாசிப்பேன்."

சொல்லும்போதே அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. செம்பியன் தலையாட்டியபடி பஸ் ஏறினான்.

அதன்பின் அவன் வாசிப்பு திக்க ஆரம்பித்தது. கார்த்திகையில் எல்லா மாணவர்கள் முன்னிலையிலும் ஒரு மதிப்பீடு நடந்தது. செம்பியனின் முறை வந்தது. சாக்ஸஃபோனை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். சாய்நாத் தாளத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு சுற்று முழுக்கப் போயிற்று. ஒரு சத்தமும் வரவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"விட்டு வாசிக்கறது வேற, வாசிக்காம நிக்கறது வேற," என்றார் ஃபராஸ்.

அடுத்த நாளிலிருந்து செம்பியன் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் அவன் மாமா வேலை பார்க்கும் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று சாய்நாத் சொன்னான்.

ஸஹானா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பிறகு ஆட்டோ பிடித்துப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பட்டறை வாசலில் இரும்புத்தூள் ஒட்டிய கையோடு செம்பியன் எழுந்து வந்தான்.

"இங்க இன்னாத்துக்கு வந்த?"

"நீ ஏன் வரலை?"

அவன் இரும்புத்தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். மொதல்ல வந்தத வுட்டேன். ரெண்டாவது வந்ததையும் வுட்டேன். மூணாவதா ஒண்ணு வரவே இல்ல, ஸஹானா. வூட்லகூட வர்ல. உனுக்குக் கீறது எனுக்கு இல்ல. அவ்ளோதான்."

"நான் சொன்னது பொய்டா."

விரலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. சிரித்தான்.

"பாவம் பாக்கறியா? எம்மேல பாவப்பட்டு உனுக்கு வியாதின்னு சொல்லுவியா நீ? டீ கிளாஸப் புட்ச்ச கைய நான் பாத்தேனே. நல்லாத்தான கீது."

"வந்து பாரு. ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ."

வந்தான். பயிற்சி அறையில் கதவைச் சாத்திவிட்டு, முதல் வருஷத்தில் தான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த ஒரு வேகமான வரிசையை அவள் வாசித்தாள். மூன்றாவது சுரத்திலேயே விரல் சுருண்டது. பக்கத்துச் சுண்டு விரல் பயந்ததுபோல் விறைத்து மேலே தூக்கிக்கொண்டது. அவள் நிறுத்தாமல் வாசித்தாள். சறுக்கி, முட்டி, தப்புத் தப்பாக, கடைசிவரை வாசித்தாள்.

செம்பியன் குனிந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். "வலிக்குதா?"

"இல்லை."

கையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். இப்போது அவன் முகம் மாறியிருந்தது. "அப்ப நீ சும்மா இருந்தியே, அந்த எடத்துல உனுக்கு உள்ள ஒண்ணுமே கேக்கல?"

"எந்த விரல் வரும்னு பாத்துண்டிருந்தேன்."

"அதப் போய் நான் வேதமாட்டம் புட்ச்சிகினு..." அவன் பின்னால் நகர்ந்தான். "உன் கை போச்சு, செரி. என் வாய எதுக்குக் கட்ன?"

மன்னிப்புக் கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போகவும் இல்லை.

அன்றே ஃபராஸிடம் போய்ச் சொன்னாள். அவர் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தான் கேட்டு மயங்கியது ஒரு நோயை என்பதை அவரால் சட்டென்று விழுங்க முடியவில்லை.

"காரணம் எதுவா இருந்தாலும் நான் கேட்டது நல்ல இசைதான் ஸஹானா," என்றார் கடைசியில். "தேர்வை இப்படியே வாசிச்சிடு. கேக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார். அதை நான் சொல்லணும்னு நினைச்சு வாசிக்கலை. மாட்டிக்கக் கூடாதுன்னு வாசிச்சேன்." பிறகு, இதுவரை ஃபராஸிடம் பேசியிராத குரலில் சொன்னாள்: "செம்பியன்கிட்ட என்னை மாதிரி வாசின்னு சொன்னீங்களே, அது தப்புன்னு நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்."

ஃபராஸ் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் செம்பியனை அழைத்து என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. அவன் பட்டறைக்குப் போவதை நிறுத்தினான்.

ஸஹானா ஒரு வருஷம் தேர்வைத் தள்ளிவைத்துக்கொண்டாள். மாசி மாதத்தில் மற்ற மூவரும் பியானோ இல்லாமல் வாசித்தார்கள். அவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செம்பியன் கொட்டினான். பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினான். ஆனாலும் அது அவனுடைய வாசிப்பு. தேறினான். முடிந்ததும் அவளிடம் வந்து, "கேட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். முன்னைப்போல டீக்கடைக்குக் கூப்பிடவில்லை. சாக்ஸஃபோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

விரலைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று அப்பா பத்ரிநாராயணன், "அப்ப இனிமே ஏதாவது வேலைக்குப் பாக்கலாமே" என்று ஆரம்பித்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திவிட்டார். அம்மாவின் கோபம் வேறு. "இத்தனை மாசம் என்கிட்டே மறைச்சுண்டு இருந்திருக்கே. நான் என்னென்னவோ நினைச்சுண்டு கோயில் கோயிலா போயிண்டிருந்தேன்," என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள்.

சிகிச்சையின் முதல் பாடம், பியானோவின் கட்டைகள் மேல் கையைச் சும்மா வைப்பது. அழுத்தக் கூடாது. விரல்கள் தளர்ந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸஹானா உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஐந்து விரல்களும் அமைதியாகக் கிடந்தன. தெருவில் பூக்காரி கத்திக்கொண்டு போனாள். சிறிது நேரம் கழித்து நாலாவது விரல் மெல்ல உள்பக்கம் இழுத்துக்கொண்டது.

"என்னடி? நீதான் வாசிக்கவே இல்லையே?"

"மனசுல ஒரு மெட்டு ஓடித்தும்மா. நினைச்சாலே மடங்கறது."

"அப்ப நினைக்காதே."

"அதுதாம்மா முடியலை," என்றாள் ஸஹானா. கையை எடுக்கவில்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை.